ஊர் வரலாறும் ஊர்ச் சங்கங்களும்

வரலாறு என்னும் சொல்லைக் கேட்டவுடன் எம் மாணவர் மனத்தில் எழுவன முடிகளும் படைகளும் ஒப்பந்தங்களுமேயாம். 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று என்பதைத் தயங்காது கூறும் மாணவன், தன் ஊர்ப் பொதுக்கிணற்றை வெட்டுவித்தவர் யாவர், தான் நாள்தோறும் பத்திரிகை படிக்கும் வாசிகசாலை எந்த ஆண்டில் எழுந்தது, தன் வளவுக்கு அப்பெயர் எவ்வாறு வந்தது என்று வினவின் வாய் திறவான். இது மாணவனுடைய குற்றமன்று. அவனுக்கு அவற்றைச் சொல்லும் நூல் இல்லை. நூல் எழுதுதற்கு வேண்டும் சான்றுகளைத் தொகுத்து வைத்தாரும் மிகச் சிலரே. அச்சிலர் யாவர், அவர் செய்த பணி யாது, அப்பணியை ஊர்தோறும் தொடர்தற்கு யாம் செய்யக்கடவன எவை என்பவற்றை ஈண்டு ஒருவாறு விளக்க முயல்வாம்.

ஊர் வரலாற்றின் சான்றுகள்

நாட்டு வரலாற்றுக்குச் சாசனங்களும் அரசாங்க ஆவணங்களும் சான்றாவனபோல, ஊர் வரலாற்றுக்கும் அதற்கேயுரிய சான்றுகள் உள. அவற்றுட் பல எம் வீட்டுப் பெட்டகங்களிலேயே கிடக்கின்றன. அவை சான்றுகள் என்பதை யாம் உணராதிருத்தலே குறை.

முதலாவது, காணி உறுதிகள். யாழ்ப்பாணத்துக் காணி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. புலம், கலட்டி, வளவு, தோட்டம், வயல், கொல்லை என முடியும் அப்பெயர்கள் நிலத்தின் இயல்பையும், அதனை முன்னர் ஆண்டாரையும், அங்கு நிகழ்ந்த தொழிலையும் ஒருங்கே உணர்த்துவன. உறுதியிலே நான்கு எல்லைகளும் குறிக்கப்படுதலின், ஓர் ஊரின் உறுதிகளை ஒருசேர வைத்து நோக்குவார்க்கு அவ்வூரின் பழைய படமே கண்முன் தோன்றும். ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள் இவ்வகைச் சான்றுகளுள் முதன்மையானவை. நிலமும் அதனை உடையாரும் அவற்றிற் பதியப்பட்டனர். 1707ஆம் ஆண்டில் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்தபோது, முதலியார் பன்னிருவர் அத்தொகுப்பைப் பார்வையிட்டனர். அதுவே தேசவழமை என்னும் சட்டமாய் நிலைத்தது. ஊரவர் வாய்வழக்கு எழுத்தில் ஏறியமையால் வந்த பயன் இஃது.

இரண்டாவது, மலர்கள். கோயிற் கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், சங்கங்களின் வெள்ளிவிழா மலர் என்பன யாவரும் அறிந்தவை. இவற்றினும் அரியது, அந்தியேட்டியை ஒட்டி முப்பத்தோராம் நாளிலே வெளியிடப்பெறும் நினைவு மலர். கல்வெட்டு என்றே எம்மவர் அதனை வழங்குவர். கல்லில் வெட்டியதன்று; தாளில் அச்சிட்டதே. ஆயினும் திதி வெண்பாவும், வம்சாவளியும், இறந்தாரின் தொழிலும், அவர் உழைத்த சங்கங்களின் பெயரும் அதனுட் காணப்படுதலால், பெயருக்கேற்ற பயனை அது தரத் தவறுவதில்லை. படித்து முடித்ததும் அதனை எறிந்துவிடுவார் பலர். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையை அதனோடு எறிகின்றோம் என்பதை அவர் எண்ணார்.

மூன்றாவது, ஏடுகளும் கணக்குகளும் கடிதங்களும். வைத்திய ஏடு, சோதிட ஏடு, கோயில் வரவு செலவுக் கணக்கு, சங்கக் கூட்ட அறிக்கை, மலாயாவிலிருந்து பாட்டனார் எழுதிய கடிதம் என்பன எல்லாம் இவ்வகையின. நான்காவது, முதியோர் நினைவு. முன்னைய மூன்றும் எழுத்தில் உள்ளன. இது மூச்சில் உள்ளது. ஆதலின் விரைந்து அழிவதும் இதுவே.

தனியொருவர் முயற்சியும் சங்க முயற்சியும்

எம் நாட்டில் வரலாறு எழுதினார் இலர் என்று கூறுதல் பொருந்தாது. மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாண வைபவமாலையை இயற்றினார். சைமன் காசிச்செட்டி 1834ஆம் ஆண்டில் இலங்கை ஊர்களைப் பற்றிய அகராதியொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1912இலும், கல்லடி வேலுப்பிள்ளை 1918இலும், முதலியார் செ. இராசநாயகம் 1926இலும், சுவாமி ஞானப்பிரகாசர் 1928இலும் யாழ்ப்பாண வரலாறு பற்றிய நூல்களை வெளியிட்டனர். இவர் தம்முள் மாறுபட்டனர். ஒருவர் கூற்றை மற்றொருவர் மறுத்தனர். அம்மறுப்பினாலேயே ஆராய்ச்சி வளர்ந்தது.

எனினும், இவரெல்லாம் தத்தம் கைப்பொருள் செலவிட்டுத் தனித்து உழைத்தவர். தனியொருவர் திரட்டிய சுவடிகளும் குறிப்புகளும் அவர் மறைந்தபின் எக்கதியடையும் என்பது எவராலும் சொல்லக்கூடாதது. பிள்ளைகளுக்கு அவற்றில் ஆர்வம் இருப்பின் தப்பும். இன்றேல் கறையானுக்கு இரையாகும். சங்கமோ உறுப்பினர் மாறினும் தான் மாறாது நிற்கும் இயல்பினது. இதுவே சங்கத்தின் முதற்பயன்.

1845ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். போல் ஈ. பீரிஸ் கந்தரோடை முதலிய இடங்களிற் கண்ட தொல்பொருள்களைப் பற்றி எழுதிய கட்டுரைகள் 1917இலும் 1919இலும் அக்கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தன. அவை அச்சஞ்சிகையிற் பதிவானமையால், 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தினர் கந்தரோடையில் அகழ்வு நடத்தியபோதும், 1974இல் யாழ்ப்பாணத்திற் பல்கலைக்கழகம் எழுந்தபின் அதன் ஆசிரியர் ஆய்வு தொடங்கியபோதும், முன்னோர் கண்டவை இவர்க்குப் படிக்கல்லாயின. ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடங்குதற்கு வாய்ப்பளிப்பது இத்தகைய கழகப் பதிவேயாம்.

படிகளைப் பெருக்குதல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மிகப் பழைய வரலாற்றுச் சங்கம் 1791ஆம் ஆண்டில் மசாசூசெற்சிலே தோன்றியது. அதனை நிறுவினோர் ஒரு கருத்தைத் தமக்கு நெறியாகக் கொண்டனர். ஆவணங்களைப் பூட்டி வைத்தல் காப்பன்று. அவற்றின் படிகளைப் பெருக்கிப் பல இடங்களிற் பரப்புதலே காப்பு என்பது அது. இக்கருத்தின் உண்மையை எம்மினும் நன்கு அறிந்தவர் உலகில் உளரோ என்பது ஐயமே.

1933ஆம் ஆண்டில் க. மு. செல்லப்பா என்னும் அன்பர் தம் இல்லத்திலே நூல்களைச் சேர்த்து ஊரவர்க்குப் படிக்கக் கொடுத்தார். அச்சிறு வித்திலிருந்து வளர்ந்ததே யாழ்ப்பாணப் பொது நூலகம். 1959ஆம் ஆண்டில் அதன் புதிய கட்டடம் திறந்துவைக்கப்பெற்றது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாளிரவு அது தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு வேறெங்குங் கிடையாத ஏடுகளும் கையெழுத்துப் பிரதிகளும் சாம்பராயின. கட்டடம் மீள எழுந்தது; இன்று நூலகம் இயங்குகின்றது. அச்சிட்ட நூல்களுட் பலவற்றின் பிற படிகளைத் தேடிப் பெறவும் முடிந்தது. யாழ்ப்பாண வைபவமாலை பலமுறை அச்சேறியும், 1879இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டும் இருந்தமையால், அதனை இன்றும் படிக்கின்றோம். ஒரே படியாய் இருந்தவையோ போயின. போனவை இவை என்று எண்ணிச் சொல்லவும் முழுமையாக இயலவில்லை.

பெரிய நூலகத்துக்கு நேர்ந்தது சிறிய வாசிகசாலைக்கும் நேர்ந்தது. எங்கள் ஊர் வாசிகசாலையிலே நாற்பதாண்டுக் கூட்ட அறிக்கைகளும், கட்டிவைத்த பழைய பத்திரிகைகளும் ஒரு மர அலுமாரியில் இருந்தன. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் யாவரும் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டபோது, சிறுவனாயிருந்த யானும் பெற்றோருடன் சென்றேன். அன்றிரவு அரிசியையும் பாயையும் சுமந்தார் உளர். அலுமாரியைச் சுமந்தார் இலர். அடுத்த ஆண்டு சித்திரையிலே திரும்பியபோது கட்டடத்தின் சுவர்கள் நின்றன. உள்ளே ஒரு தாளும் இல்லை.

பல ஆண்டுகளின் பின், வாசிகசாலையின் ஆண்டுவிழாவுக்கு அதன் வரலாற்றை எழுதித் தருமாறு என்னைப் பணித்தனர். தொடக்க ஆண்டை நினைவில் வைத்திருந்தார் மூவர். மூவரும் மூன்று ஆண்டு கூறினர். ஈற்றிலே உண்மையைத் தந்தது, தாபகருள் ஒருவரின் கல்வெட்டு. அதன் படியொன்று வேறோர் ஊரில் மணஞ்செய்து சென்ற அவர் பேர்த்தியின் வீட்டுச் சாமியறையில், தேவாரப் புத்தகங்களின் கீழ்க் கிடந்தது. முதற்கூட்டம் நிகழ்ந்த நாளும், கூடியிருந்தார் பெயரும், கிடுகும் மரமும் உதவியோர் விவரமும் அதனுள் இருந்தன. அலுமாரி காக்காததைச் சாமியறை காத்தது. அதற்குக் காரணம், அக்கல்வெட்டு இருநூறோ முந்நூறோ படி அச்சிடப்பட்டு இருநூறு முந்நூறு வீடுகளுக்குச் சென்றிருந்தமையேயன்றிப் பிறிதன்று.

இக்காலத்து முயற்சிகள்

படி பெருக்குதற்கு முன்னோர் அச்சியந்திரத்தை நம்பினர். இக்காலத்தார்க்குக் கணினியும் இணையமும் வாய்த்துள்ளன. 1998ஆம் ஆண்டிலே தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழிலக்கியங்களை மின்னூலாக்கி யாவர்க்கும் இலவசமாக வழங்கிற்று. 2005ஆம் ஆண்டிலே இளைஞர் சிலர் தொடங்கிய நூலகம் என்னும் தொண்டு முயற்சி, ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் பாடசாலை மலர்களையும் நினைவு மலர்களையும் ஒளிவருடி இணையத்திற் சேர்த்து வருகின்றது. முதியோர் வாய்மொழியைப் பதிவுசெய்தலும் அதன் பணிகளுள் ஒன்று. கல்வெட்டுப் புத்தகத்தை வரலாற்றுச் சான்றாக மதித்து முறையாகத் திரட்டும் வழக்கம் இத்தகைய முயற்சிகளாலேயே பரவியதெனலாம்.

பொருள்களைக் காத்தற்கும் முயற்சிகள் உள. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் 1980இல் ஆனைக்கோட்டையில் நடத்திய அகழ்விலே பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையொன்று கிடைத்தமையை வரலாற்று மாணவர் அறிவர். 2020ஆம் ஆண்டிலே சிவபூமி அறக்கட்டளையினர் நாவற்குழியில் அரும்பொருட் காட்சியகமொன்றைத் திறந்தனர். அங்கு செல்லும் மாணவர், தம் பாட்டியார் கையாண்ட பொருள்கள் காட்சிக்குரியனவாய் இருத்தலைக் கண்டு வியப்பர். அவ்வியப்பே வரலாற்றுணர்வின் தொடக்கம்.

இவற்றோடு, தொரொன்றோ, இலண்டன் முதலிய நகரங்களில் வாழும் எம்மவர் தத்தம் ஊர்ப் பெயரால் நிறுவிய சங்கங்களையும் குறிப்பிடல் வேண்டும். ஆண்டுதோறும் ஒன்றுகூடி, மலர் வெளியிட்டு, ஊர்ப் பாடசாலைக்கும் கோயிலுக்கும் உதவும் இச்சங்கங்களின் மலர்களிலே, இங்கு அழிந்துபோன பல புகைப்படங்களைக் காணலாம். ஊர் ஓரிடத்திலும் ஊரவர் பல நாடுகளிலுமாகிய இக்காலத்தில், ஊர் வரலாறும் பல நாடுகளிற் சிதறிக் கிடத்தல் இயல்பே. அதனைக் கூட்டிச் சேர்ப்பார் வேண்டும்.

இப்பணி வெறும் அலங்காரமன்று என்பதற்கு ஒன்று கூறுவேன். 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கின் பல ஊர்கள் வெறுமையாயின. 2009இன் பின்னர் அவை பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது, சென்ற மக்கள் கண்டது காடு. வேலி இல்லை, ஒழுங்கை இல்லை, வீடும் பல இடங்களில் இல்லை. கிணற்றையும் கோயில் அடித்தளத்தையும் அடையாளமாகக் கொண்டு எல்லை காட்டியவர் முதியோரே. உறுதியின் படியைக் காத்தவர் தம் நிலத்தைக் காட்டினர், காவாதார் அலைந்தனர். இடம்பெயர்ந்த இடத்திலே பிறந்த பிள்ளைகளோ பெற்றோர் சொல்லக் கேட்ட பெயரையன்றி ஊரை அறியார். அவர்க்கு ஊர் வரலாறு என்பது பழம்பெருமை பேசுங் கதையன்று. நிற்பதற்கு ஒரு நிலமாம்.

சங்கத்தின் நான்கு கடமைகள்

வரலாறு பேண முன்வரும் ஊர்ச் சங்கத்தின் கடமைகள் திரட்டல், பேணல், ஆய்தல், பகிர்தல் என நால்வகைப்படும்.

திரட்டுங்கால் உடையவர் இசைவு முதற்கண் வேண்டப்படும். மூலத்தைப் படியெடுத்தபின் உடையவரிடமே மீள ஒப்படைத்தல் நன்று. இவ்வாறு செய்யுஞ் சங்கத்தை மக்கள் நம்புவர். ஒருவர் நம்பிக்கை பத்துப் பெட்டகங்களைத் திறக்கும். முதியோர் கூற்றைப் பதியும்போது, கூறியவர் பெயர், வயது, கூறிய இடம், நாள் என்பவற்றை விடாது குறித்தல் வேண்டும். கண்டது இது, கேட்டது இது என்று பிரித்தெழுதுதல் அதனினும் இன்றியமையாதது. புகைப்படத்தில் உள்ளார் பெயரைப் பின்புறத்தே கரிக்கோலால் மெல்ல எழுதிவைத்தல் வேண்டும். பெயரில்லாப் படம் அடுத்த தலைமுறைக்கு வெறுந் தாளே.

பேணுதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஈரமும் கறையானும் இராமபாணப் பூச்சியுமே எம் நாட்டிற் பகைகள். நிலத்தோடு ஒட்டாத அலுமாரியும், சுவருக்கு விலகிய இடமும், இடையிடையே எடுத்துத் தட்டி வைக்கும் கையும் போதியன. பழந்தாளைப் பசைநாடா கொண்டு ஒட்டுதலும், பிளாத்திக்குத் தாளிடை வைத்துச் சூடேற்றி மூடுதலும் காப்பது போலத் தோன்றிக் கெடுப்பனவாதலின் அவற்றை நீக்குக. ஒவ்வொன்றுக்கும் மூன்று படியேனும் எடுத்து மூன்று இடங்களில் வைத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று ஊருக்கு அப்பால் இருத்தல் நன்று. மண்ணினுள் தொல்பொருள் காணப்படின் தாமே தோண்டுதல் தகாது. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் அதனைத் தடுக்கின்றது. தோண்டியவன் கைக்குப் பானையோடு கிடைக்கலாம். அஃது எந்த மண்ணடுக்கில் எவற்றோடு கிடந்தது என்னுஞ் செய்தி என்றென்றைக்கும் அழிந்துபோம்.

ஆய்தலிலேதான் சங்கங்கள் பெரிதுந் தவறுகின்றன. தம் ஊரே பழமையிற் சிறந்தது, தம் குலத்தவரே அதனைக் கண்டோர் என நிறுவும் ஆசை வரலாற்றுக்குப் பகை. இடப்பெயருக்குக் கதை கட்டுதல் எளிது. அப்பெயர் பழைய உறுதியிலும் தோம்பிலும் எவ்வாறு எழுதப்பட்டுளது என்று தேடுதல் அரிது. அரியதைச் செய்வதே ஆய்வு.

இன்னுமொன்று, கூறக் கூசினும் கூறாது விடற்பாலதன்று. எம் ஊர் மலர்களைப் புரட்டுங்கால், கோயிற் கேணியைக் கட்டுவித்தார் பெயர் உண்டு. அதனை வெட்டினார் பெயர் இல்லை. பாடசாலைக்கு நிலம் ஈந்தவர் படம் உண்டு. அப்பாடசாலையிற் சேர்க்கப்படாது வாயிலில் நின்ற பிள்ளைகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஊரின் ஒரு பகுதியார் வரலாற்றை ஊர் வரலாறு என வழங்குதல் முறையன்று. அவ்வாறே, 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாணத்தினின்றும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் தெருக்களும் பள்ளிகளும் தொழில்களும் எம் வரலாற்றின் பகுதியேயாம். இழந்த துயரை நன்கறிந்த யாம் பிறர் இழப்பை எழுதாது விடுவோமாயின், எமது ஏடும் குறையேடே.

பகிர்தல் நான்காவது கடமை. அலுமாரியைப் பூட்டித் திறப்பைச் செயலாளர் இடுப்பிலே செருகிக்கொள்ளுஞ் சங்கம் வரலாற்றைக் காப்பதன்று, சிறைவைப்பது. ஆண்டுக்கொரு கண்காட்சி, மாதத்துக்கொரு முதியோர் உரை, பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஊர் நடை, இணையத்திலே படிகள் என இவற்றாற் பொருள் பரவும். பரவிய பொருளைத் தீ ஒருங்கே உண்ணமாட்டாது.

முடிவுரை

எமது கல்லூரி மாணவர் இப்பணியில் என்செய்ய இயலும் என வினவலாம். சென்ற ஆண்டிலே என் வகுப்பு மாணவர்க்கு ஒரு சிறு வேலை கொடுத்தேன். தத்தம் வீட்டுக் காணியின் பெயரையும், வீட்டின் முன்னுள்ள ஒழுங்கையின் பழைய பெயரையும், வீட்டிலுள்ள மிகப் பழைய அச்சுத் தாளின் விவரத்தையும் எழுதி வருமாறு பணித்தேன். முப்பத்திரண்டு மாணவர் எழுதி வந்தனர். அவற்றுட் பதினொரு கல்வெட்டுகளும், ஒரு பழைய கோயிற் கணக்கும், ஓர் ஊரின் குறிச்சிப் பெயர்கள் முழுவதும் அடங்கிய பாட்டியார் ஒருவரின் சொற்பட்டியும் இருந்தன. வகுப்பறைக்குள் ஒரு வாரத்திலே இத்துணை கிடைக்குமாயின், பழைய மாணவரும் ஆசிரியரும் ஊர்ச் சங்கத்தாரும் ஒன்றுகூடின் எத்துணை கிடைக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இதனைப் படிக்கும் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் இக்கல்லூரியின் பழைய மலரோ, ஊர்ச் சங்கத்தின் அறிக்கையோ, பெயர் எழுதாத புகைப்படமோ இருப்பின், இன்று மாலையே அதனை எடுத்து நோக்குங்கள். படத்திலுள்ளார் பெயரைச் சொல்லக்கூடிய முதியவர் வீட்டில் இருப்பின் அவரருகே அமருங்கள். கரிக்கோல் ஒன்றை மறவாது எடுத்துச் செல்லுங்கள்.